கரடிப்பூண்டு வறை

தவரத்தினம் தலைவராவதற்கு முன்பே றப்பர் முத்திரை செய்வித்துவிட்டார். சங்கம் அதற்குப் பிறகுதான் வந்தது. பிரான்சுவாழ் ஈழத்தமிழர் கலை பண்பாட்டு மேம்பாட்டு ஒன்றியம் என்ற பெயர் முத்திரையின் வட்டத்துக்குள் அடங்காமல், கடைசிச் சொல் முதற்சொல்லின் தலையை மிதித்துக்கொண்டு நின்றது. அங்கத்தவர்கள் அத்தனை பேரையும் கைகோத்து நிற்க வைத்தாலும் அந்தப் பெயரின் நீளம் வராது என்று மடுத்தீன் சொல்வான். வீட்டுக்குள் மட்டும் சொல்வான். அதையும் கதவைச் சாத்திவிட்டுத்தான் சொல்வான்.

அவனுடைய மனைவி அற்புதராணிக்குக் கதவு சாத்துகிற பழக்கம் இல்லை. விடியமுன் எழும்பி பாரிசின் ஒப்பெராப் பக்கத்தில் அலுவலகங்கள் துடைத்துவிட்டு வந்து, மிச்சப் பகலெல்லாம் ஆறாம் மாடி ஒற்றை அறையில் சமைப்பாள். நம்முடைய சனம் நெருங்கிக் கிடக்கும் லா சப்பலில் எந்த வீட்டில் ஞானஸ்நானம் நடந்தாலும், எந்த வீட்டுப் பெண் பெரியவளானாலும், அந்த மாடிப்படிகளால் அவளுடைய பெரிய சட்டி இறங்கும். லிப்ட் இல்லை. மடுத்தீன் இருந்தான்.

எண்பத்தைந்தாம் ஆண்டு மாரிக்குளிர் முடிந்த கையோடு, போபூர் சென் தெனித் தெருவில் பலசரக்குக் கடை வைத்திருந்த வரதராசா பக்கத்துச் சப்பாத்துக் கடையையும் எடுத்தார். சாப்பாட்டுக்கடை போடப் போகிறார் என்பது அடுத்த நாளே ஊருக்குத் தெரிந்துவிட்டது. சமையற்கட்டு யாருக்கு என்பதுதான் தெரியவில்லை. கொழும்பில் பெரிய ஹோட்டலில் நின்றதாகச் சொல்லிக்கொண்டு ஒருவர் திரிந்தார். அங்கே அவர் என்ன செய்தார் என்று யாருக்கும் தெரியாது, ஆனால் அந்த உயரமான வெள்ளைத் தொப்பி மட்டும் அவரிடம் இருந்தது. மற்றவள் அற்புதராணி. அவளிடம் தொப்பி இல்லை.

"வருசப்பிறப்புக்கு ஒன்றியம் சாப்பாடு போடுதாம், நீங்கள்தானே சமைக்கிறியள்," என்றார் வரதராசா. "அண்டைக்கு வந்து சாப்பிட்டுப் பாத்திட்டு ஒரு முடிவு சொல்லுறன் அக்கா."

அலுவலகக் கழிவறைகளில் மற்றவர்களின் கண்ணாடிகளைத் துடைத்துத் துடைத்துத் தன் முகத்தைப் பார்த்து அலுத்தவள் அவள். தனக்கென்று ஒரு அடுப்பு, தலைக்கு மேலே புகை போக ஒரு வழி, வாசலில் ஒரு பெயர்ப்பலகை. அதில் அவளுடைய பெயர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அந்த அடுப்பை அவள் விடுவதாக இல்லை.

ஒரேயொரு குறை. வறைக்கு இலை இல்லை.

சோறும் பருப்பும் கத்தரிக்காய்ப் பால்கறியும் சொதியும் எவ்வளவுதான் திறமாக இருந்தாலும், ஓரத்தில் இலையை அரிந்து தேங்காய்ப்பூவோடு வறுத்த ஒரு பிடி பச்சை வறை இல்லாவிட்டால் நம்முடைய சனத்துக்கு அது சாப்பாடாகாது. ஏதோ அலுவலாக வந்து போனது மாதிரிப் போய்விடும். வரதராசாவின் கடைக்குப் பொன்னாங்காணி விமானத்தில் வரும். வந்து சேரும்போது, றுவாசி விமான நிலையத்தில் குடிவரவுக்காரரிடம் அகப்பட்டு ஒரு கிழமை இருந்து வந்தவர்களைப்போல முகம் கறுத்து, கழுத்துத் தொங்கிப்போய் இருக்கும். அந்த வருடத்துக் குளிரில் அதுவும் வரவில்லை.

பூங்காக்களில் நடக்கும்போது நம்முடைய ஆட்கள் பூவைப் பார்ப்பதில்லை, இலையைப் பார்ப்பார்கள். இது முருங்கையின் சாயல், அது அகத்திக்குத் தூரத்து உறவு, இதை அரிந்து தேங்காய்ப்பூப் போட்டால் எப்படியிருக்கும் என்று வாய் ஊறும். பிரெஞ்சுக்காரன் வசந்தம் என்று மூச்சை இழுத்துவிடுகிற இடத்தில் நாங்கள் வறை என்று மூச்சை இழுப்போம். அற்புதராணியும் இப்படித்தான் அகப்பட்டாள்.

உயிர்த்த ஞாயிறுக்கு அடுத்த திங்கள், கோயிலடிச் சனம் ரயில் பிடித்து ஷாந்தியிக் காட்டுக்குப் போனது. பங்கு மண்டபத்தைப் பார்த்துக்கொள்ளும் ழான்-லூக்கும் கூட வந்தார். ரயில்வேயில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். ரயில்வே கொடுத்த சங்கிலிக் கடிகாரத்தை இன்னும் சட்டைப் பையில் வைத்திருந்தார். மற்றவர்கள் போர்வை விரித்துச் சீட்டுக்கட்டை எடுக்க, அற்புதராணி மூக்கைத் தூக்கினாள்.

"இஞ்சாருங்கோ, ஆரோ உள்ளி தாளிக்கிறாங்கள்."

"காட்டுக்கை ஆரடியப்பா தாளிக்கிறது? பேசாமல் இரும்," என்றான் மடுத்தீன்.

அவள் மணத்தின் பின்னால் போனாள். சரிவில் இறங்கி, ஓடை ஓரத்துத் தாழ்வு நிலத்துக்கு வந்தபோது நின்றுவிட்டாள். மரங்கள் ஒன்றிலும் இலை இல்லை. மேலே எல்லாம் வெறும் கொப்பு. கீழே நிலம் தெரியாமல் பச்சை. வேல்போன்ற மெல்லிய இலைகள், அப்போதுதான் கழுவித் துடைத்தது மாதிரி மினுங்கிக்கொண்டு, கண்ணுக்கெட்டிய மட்டும். காலை வைத்ததும் உள்ளி மணம் முகத்தில் அடித்தது.

"ஐ தெஸ் உர்ஸ்," என்றார் பின்னால் வந்த ழான்-லூக். கரடிகளின் உள்ளி, கரடிப்பூண்டு.

மடுத்தீன் உணவகத்தில் கோப்பை கழுவிப் பழகிய பிரெஞ்சில் அதைக் கேட்டுச் சொன்னான். மாரி முழுக்கத் தூங்கிவிட்டு எழும்புகிற கரடி வயிற்றைச் சுத்தம் செய்ய முதலில் இதைத்தான் தேடித் தின்னுமாம். மரங்களுக்கு இலை வருமுன்னே அவசரமாக வெயிலைக் குடித்து, வெள்ளை வெள்ளையாகப் பூத்து, விதையும் போட்டுவிடும். மேலே மரங்கள் கூரை போட்டதும் படுத்துவிடும். ஆனி மாதத்தில் வந்தால் இப்படியொன்று இங்கே இருந்தது என்பதற்கு அடையாளமே இராது. நிலத்துக்குக் கீழே கிழங்கு மட்டும் அடுத்த மாரியைப் பார்த்துக்கொண்டு கிடக்கும்.

"எங்களை மாதிரித்தான்," என்றான் மடுத்தீன். "துரைமார் வரமுன்னம் வந்து வேலையை முடிச்சிட்டு மறைஞ்சிட வேணும்."

"திங்கலாமோ எண்டு கேளுங்கோ," என்றாள் அற்புதராணி.

தின்னலாம். சூப்பில் போடுவார்களாம், வெண்ணெயில் அரிந்து போடுவார்களாம். ழான்-லூக் ஒரு இலையைக் கிள்ளிக் கசக்கி அவளுடைய மூக்கடியில் பிடித்தார். இப்படி மணந்து பார்த்துப் பிடுங்க வேண்டும். அவ்வளவுதான் சொன்னார். அன்றைக்கு அந்தச் சரிவில் வேறு இலை எதுவும் முளைத்திருக்கவில்லை; ஆகவே வேறு எதையும் பற்றிச் சொல்ல அவருக்குத் தோன்றவில்லை.

அற்புதராணி சனிக்கிழமை திரும்பிப் போனாள். உரப்பைகளைக் காவ மடுத்தீனும் போனான். அந்தக் கிழமை திடீரென்று வெயில் எறித்திருந்தது. காடு ஒரே கிழமையில் கிடுகிடுவென்று கிளம்பியிருந்தது. பெயர் தெரியாத பச்சையெல்லாம் தலை நீட்டியிருந்தது. அவள் ஓடைப் பக்கம் குனிந்து ஒவ்வொரு பிடியாக மணந்து மணந்து பிடுங்கினாள். மடுத்தீன் மேட்டுப் பக்கம் நின்று, காட்டுக் காவற்காரன் வருகிறானா என்று ஒரு கண்ணும், ரயில் போய்விடுமா என்று ஒரு கண்ணுமாக, மிஞ்சிய கண் இல்லாமல் பிடுங்கினான்.

"மணந்து பாத்துப் பிடுங்குங்கோ."

"ஓம், ஓம். எல்லாம் மணக்குது. வாரும் கெதியா."

மறுநாள் பங்கு மண்டபத்தில் வருடப்பிறப்பு. ஒன்றியத்தின் பதாகை சுவரை விட நீளமாக இருந்தபடியால் இரண்டு பக்கமும் மடித்துக் கட்டியிருந்தார்கள். வாசித்தவர்களுக்கு நடுவில் இருந்த "பண்பாட்டு மேம்பா" மட்டும் தெரிந்தது. தலைவர் தவரத்தினம் மூன்று துண்டுக் கோட்டுடன் வந்தார். இரவில் ஒரு ஹோட்டலின் வாசலில் வரவேற்பாளராக நிற்பவர். கருஞ்சிவப்புக் கோட்டு அந்த ஹோட்டலுடையது. தோளிலிருந்த தங்கப் பட்டியை மட்டும் கழற்றியிருந்தார்.

பந்தி தொடங்கியது. வறை முதல் வரிசையிலேயே இரண்டாம் தரம் கேட்கப்பட்டது. வரதராசா கதைக்காமல் சாப்பிட்டார். வியாபாரி கதைக்காமல் சாப்பிடுவதைவிடப் பெரிய பாராட்டு இல்லை. கடைசியில் தட்டைத் துடைத்த விரலை நக்கிவிட்டு அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"நாளைக்கு வந்து கடையை ஒருக்காப் பாருங்கோ அக்கா. அடுப்பு எந்தப் பக்கம் வைக்கிறது எண்டு நீங்கள்தான் சொல்ல வேணும்."

அவளுக்கு நெஞ்சுக்குள் ஒரு அடுப்பு பற்றிக்கொண்டது. கொழும்புத் தொப்பிக்காரர் மூன்றாவது மேசையில் இருந்து அப்பளத்தை நொறுக்கினார்.

அந்த நேரம் பார்த்துத் தவரத்தினம் ஒலிவாங்கியைப் பிடித்தார். மேடையில் ஏறிவிட்டால் அவர் யாழ்ப்பாணத்துப் பேச்சைச் செருப்போடு கீழே கழற்றி வைத்துவிடுவார்.

"அன்பார்ந்த பெருமக்களே! இந்த வறையில் ஒரு கவளம் என் நாவில் பட்டதுமே நான் அறிந்துகொண்டேன். பொன்னாங்காணி! எமது தாய்மண்ணின் பொன்னாங்காணி! தாவரவியல் கற்றவன் என்ற முறையில் அடித்துச் சொல்கிறேன், இந்தச் சுவை அந்நிய மண்ணில் விளையாது! விளையவே விளையாது!"

கைதட்டினார்கள். தலைவரின் மனைவி தில்லைநாயகி கைதட்டவில்லை; அவளுக்கு இரண்டு கையிலும் தட்டு இருந்தது. அற்புதராணி வாயைத் திறந்தாள். மடுத்தீன் அவளுடைய சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தான்.

"விடும். பொன்னாங்காணி எண்டால் பொன்னாங்காணி. அந்தாள் சந்தோசமா இருக்கட்டும்."

அதோடு முடிந்திருக்கும். யன்னல்களைத் திறந்துவிட வந்த ழான்-லூக் மண்டபத்து நடுவில் நின்று மூக்கை விரித்து, முகமெல்லாம் சிரிப்பாக, "ஆ! ஐ தெஸ் உர்ஸ்! மதாம் ரானி, ஷாந்தியிக்குத் திரும்பிப் போனீர்களா?" என்று உரத்துக் கேட்டிராவிட்டால்.

பிரெஞ்சு தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குச் சொன்னார்கள். தலைவர் பேச்சை நிறுத்தினார். முன்வரிசையில் யாரோ "அந்நிய மண்" என்று மெல்லச் சொல்லிவிட்டு இருமினார். பின்வரிசையில் அந்த இருமல் சிரிப்பாக மாறியது.

தவரத்தினத்தின் முகம் கோட்டின் நிறத்துக்கு வந்தது. அப்போதுதான் ழான்-லூக், நல்ல மனிதர், தன்பாட்டில் இன்னொன்றையும் கேட்டார். பிடுங்கும்போது முகே இலையோடு கலக்காமல் பார்த்தீர்கள்தானே? இந்தக் கிழமைதான் அது முளைத்திருக்கும். மே முதலாந்திகதி எல்லோரும் வாங்கிக் கொடுக்கிற அந்த மணிப்பூ. பூக்குமுன் இரண்டு இலையும் ஒரே அச்சு. ஆனால் உள்ளி ஒவ்வொரு இலையாகத் தனித்தனிக் காம்பில் நிலத்திலிருந்து வரும். முகேயில் இரண்டு இலை ஒரே தண்டைச் சுற்றிக்கொண்டு வரும். முகே நஞ்சு. வயிறு பிரட்டும், நெஞ்சு அடிக்கிறது மெதுவாகிப் போகும். மணந்து பார்த்துப் பிரிக்கலாம்தான், ஆனால் கொஞ்ச நேரத்தில் கையெல்லாம் உள்ளி மணக்கத் தொடங்கிவிடுமே, பிறகு எதை மணந்தாலும் உள்ளிதானே...

மேடையில் சிதறிக் கிடந்த மானத்தைப் பொறுக்கிக்கொள்ளத் தவரத்தினத்துக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

"நஞ்சு!" என்றார் ஒலிவாங்கியில். "பெருமக்களே, எங்களுக்கு நஞ்சு போட்டிருக்கினம்!" பதற்றத்தில் மேடைத் தமிழ் வழுக்கி விழுந்துவிட்டது. "நான் அப்பவே யோசிச்சனான், இது பொன்னாங்காணி இல்லை எண்டு!"

பிறகு நடந்ததை ஒரு மருத்துவர் பார்த்திருந்தால் புதிதாக ஒரு நோய்க்குத் தன் பெயரை வைத்திருப்பார். செயலாளர் பத்திநாதர் நாக்கு மரத்துப்போயிற்று என்று மிகத் தெளிவாகவும் நீளமாகவும் விளக்கினார். ஒருவருக்குக் கண் இருட்டியது. வறையை வேண்டாம் என்று ஒதுக்கிவைத்திருந்த ஒருவருக்கு எல்லோருக்கும் முதல் வயிறு பிரட்டியது. கழிவறை வாசலில் நின்ற வரிசையில் பதவி வரிசை பேணப்பட்டது. கொழும்புக்காரர், தொப்பி இல்லாவிட்டாலும் தொப்பி போட்ட முகத்தோடு, "நாங்கள் ஹோட்டல்லை எண்டால் இலையைப் பரிசோதிச்சுத்தான்..." என்று வரதராசாவின் காதுக்குள் தொடங்கினார். வரதராசா தன் வெறும் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அற்புதராணி அதைத்தான் கண்டாள். மற்றவர்களின் வயிறு அவளுக்குப் பொருட்டில்லை. வரதராசாவின் கண் அவளைவிட்டுப் போய்விட்டது.

"இஞ்சாருங்கோ," என்றாள் மெல்ல. "நீங்கள் பிடுங்கினதை மணந்து பாத்தனீங்களோ?"

"பாத்தனான்."

"இலையை மணந்தனீங்களோ, கையை மணந்தனீங்களோ?"

மடுத்தீன் கையைப் பார்த்தான். இரண்டும் ஒரு நாள் கழித்தும் மணந்தன. "எல்லாம் மணந்தது ராணி," என்றான். அவன் குரல் அழுகைக்குக் கிட்டவாக இருந்தது. "நான் என்னத்தைக் கண்டன்? இலைதானே."

அப்படியானால் தெரியாது. அவளுக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது, மயிர்போல் அரிந்து தேங்காய்ப்பூவில் பிரட்டிய பின் ழான்-லூக்குக்கும் தெரியாது. சட்டிக்குள் எட்டிப்பார்த்த அவர் உதட்டைப் பிதுக்கினார்.

"அற்புதராணி அவர்கள் மேடைக்கு வந்து சபையிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்," என்றார் தவரத்தினம். மேடைத் தமிழ் திரும்பியிருந்தது. "மிச்சத்தைக் குப்பையில் கொட்ட வேண்டும். இனிமேல் செயற்குழுவின் முத்திரை பெறாத எந்தக் கறியும் இந்த மண்டபத்தினுள்..."

"குப்பையிலையோ?" என்றாள் அற்புதராணி.

அவள் மேடைக்குப் போகவில்லை. சட்டியைத் தூக்கிக்கொண்டு போய் மேடைக்கு முன்னால், முதல் வரிசை மேசையில், தலைவரின் பதவிநாற்காலியில் இருந்தாள். அது ஒன்றுதான் வெறுமையாக இருந்தது. சட்டியில் பத்துப் பேருக்குப் போதுமான வறை மிச்சம் இருந்தது. சோறு எடுக்கவில்லை. கையைவிட்டு அள்ளி வாயில் வைத்தாள்.

பயம் இல்லை என்று சொன்னால் அது தலைவரின் பேச்சைப்போல ஆகிவிடும். உள்ளி மணந்தது, ஆனால் உள்ளி எல்லாவற்றிலும் மணக்கும், அதுதானே கரைச்சல். இது அந்த இலையோ, இது மற்ற இலையோ என்று ஒவ்வொரு வாய்க்கும் நாக்கு விசாரணை வைத்தது. ஆனால் மூன்றாவது மேசையில் தொப்பிக்காரர் எழும்பி நின்று பார்த்தார். அந்தப் பார்வைக்காக அவள் நாலாவது வாயை இன்னும் பெரிதாக அள்ளினாள்.

"நான் சமைச்சது," என்றாள் வாய் நிறைய வைத்துக்கொண்டு. "குப்பை திண்டால் எனக்கென்ன புண்ணியம்? நஞ்செண்டால் முதல் நான் போறன். நீங்கள் எல்லாரும் வடிவா நிண்டு பாருங்கோ. மன்னிப்பு மட்டும் கேக்க மாட்டன்."

மடுத்தீன் "மாதாவே" என்றான். ழான்-லூக் ஓடிவந்தார், அவசர வண்டியைக் கூப்பிடப் போகிறேன் என்றார். அவள் கேட்கவில்லை. பத்திநாதரின் நாக்கே ஓய்ந்துவிட்டது.

அப்போது ஒரு கதிரை இழுபடுகிற சத்தம் கேட்டது. தில்லைநாயகி தன் தட்டை அற்புதராணியின் முன்னால் வைத்துவிட்டுப் பக்கத்தில் இருந்தாள்.

"எனக்கும் ஒரு பிடி வையுங்கோ ராணி."

"தில்லை!" என்று ஒலிவாங்கி அலறியது. "உமக்கென்ன விசரோ?"

"நீங்கள் ரெண்டாந்தரம் வேண்டித் திண்டனீங்கள்தானே. நீங்கள் போனாப்பிறகு நான் இஞ்சை தனிய இருந்து என்ன செய்யிறது?" என்றாள் தில்லைநாயகி. பிறகு அற்புதராணியிடம், ஒலிவாங்கிக்குக் கேட்கக்கூடிய அளவுக்கு மெல்ல, "தாவரவியல் ஏ.எல். சோதினை ரெண்டு தரம் எடுத்தவர். ரெண்டு தரமும் அது இவரை எடுக்கேல்லை," என்றாள்.

யார் முதலில் சிரித்தது என்று தெரியாது. சிரிப்பு வந்தபின் வயிற்றுவலியை வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை. கழிவறை வரிசை தானாகக் கலைந்தது.

ழான்-லூக் மட்டும் சிரிக்கவில்லை. ஒரு கதிரையை இழுத்துப்போட்டு அற்புதராணியின் இடது மணிக்கட்டைப் பிடித்தார். ரயில்வேக் கடிகாரத்தை எடுத்து வைத்துக்கொண்டு, அவள் வலது கையால் தின்னத் தின்ன, நாடி பார்த்தார். நெடுநேரம் பார்த்துவிட்டு மூடியை டக்கென்று மூடினார்.

"முகே நெஞ்சை மெதுவாக்கும்," என்றார். "இது லில் நகரத்து விரைவு ரயில் மாதிரி ஓடுகிறது. இது நஞ்சில்லை. கோபம்."

சட்டி துடைத்து முடிந்தபோது அது கவிழ்த்து வைக்கக்கூடியதாக இருந்தது. அவள் கவிழ்த்து வைத்தாள். சரியாக, மேசையில் கிடந்த தலைவரின் உரைத்தாள்களுக்கு மேலே.

மறுநாள் விடிய அவள் வேலைக்குப் போனாள். மெற்றோவில் கையைப் பிடித்துத் தானே நாடி பார்த்தாள், இருந்தது. வயிறு கொஞ்சம் இரைந்தது. அவ்வளவு வறை தின்றால் யாருக்கும் இரையும். ஒருவரும் சாகவில்லை. ஆனால் ஒன்றியம் "விடயம் விசாரணையில் உள்ளது" என்று முத்திரை குத்திய அறிவித்தல் ஒன்றை வரதராசாவின் கடைக் கண்ணாடியிலேயே ஒட்டியது. கடைக்குப் போனவளிடம் வரதராசா நிலத்தைப் பார்த்துக்கொண்டு கதைத்தார்.

"எனக்கொண்டும் இல்லை அக்கா. சனம் பயப்பிடுது. கடை திறக்கமுன்னமே அந்தக் கதை வந்திட்டுது... கொஞ்சம் பொறுத்துப் பாப்பம்."

"எதைப் பாக்கப் போறியள்?"

அவர் தராசுத் தட்டைத் துடைத்தார்.

"அப்ப வாங்கோ, பாக்கவேண்டியதைக் காட்டுக்குப் போய்ப் பாப்பம்," என்றாள். "உள்ளியும் முகேயும் பூக்கட்டும். பூத்தால் எது எதெண்டு மறைக்கேலாது. எங்கை பிடுங்கினனாங்கள், என்ன பிடுங்கினனாங்கள் எண்டு உங்கடை கண்ணாலை பாருங்கோ."

"என்னடியப்பா இது?" என்றான் மடுத்தீன் படியேறும்போது. "அங்கை முகே நிண்டால்?"

"நிண்டால் நிக்கட்டும்."

மே முதலாந்திகதி கடைகள் பூட்டு. காலை ரயில் முழுக்கக் கூடையும் கையுமாக முகே பிடுங்கப் போகிற பிரெஞ்சுச் சனம். நடுவில் வரதராசா, மடுத்தீன், அற்புதராணி. தில்லைநாயகியும் வந்திருந்தாள், மே தினக் கூட்டத்துக்கு உரை எழுதிக்கொண்டிருக்கிற வீட்டில் இருக்கேலாது என்றாள்.

ஓடையடிக்கு வந்தபோது நாலு பேரும் காலை எங்கே வைப்பது என்று பார்த்தார்கள். பச்சை இருந்த இடமெல்லாம் வெள்ளை. ஒவ்வொரு தண்டின் நுனியிலும் ஆறு இதழ் நட்சத்திரங்கள் ஒரு பிடியாக. தாழ்வு நிலம் முழுக்க, மரங்களின் காலடி முழுக்க. மேலே கொப்புகளில் இளம் இலை அப்போதுதான் விரிந்துகொண்டிருந்தது. கூரை வந்துகொண்டிருக்கிறது. அது மூடுமுன் பூக்கவேண்டியதைப் பூத்துத் தீர்த்துவிட வேண்டும் என்பதுபோல இவை நின்றன. மணம் சொல்லத் தேவையில்லை. வரதராசா கைக்குட்டையை எடுத்துவிட்டு, மறுபடி பைக்குள் வைத்தார்.

"எல்லாம் உள்ளிதான்," என்றார். முகம் தெளிந்திருந்தது. "ஒரு மணிப்பூக்கூட இல்லை. இது காணும் அக்கா, வேறொண்டும் பாக்கத் தேவையில்லை."

"காணாது. இவர் பிடுங்கினது மேட்டிலை," என்றாள் அற்புதராணி.

மடுத்தீன் அவளை முறைத்துப் பார்த்தான். அவள் ஏறினாள். மேட்டில் ஓக் மரங்களுக்குக் கீழே உள்ளி ஐதாகி, நடு நடுவே வேறொன்று நின்றது. அகன்ற இரண்டு இலை ஒரே தண்டைத் தழுவிக்கொண்டு. இடையிலிருந்து ஒரு மெல்லிய காம்பு, ஒரு பக்கமாக வரிசையாகத் தொங்குகிற வெள்ளை மணிகள். மணமும் வேறு, இனிப்பாக. கொஞ்சம் தள்ளிப் பிரெஞ்சுக்காரர்கள் அதைத்தான் குனிந்து குனிந்து பிடுங்கினார்கள். ஆனால் அந்த ஓக் மரத்தடியில், மடுத்தீன் காவற்காரனைப் பார்த்துக்கொண்டு நின்ற இடத்தில், சில தண்டுகளுக்குத் தலை இல்லை. இலை பிடுங்கிய அடிக்கட்டைகள், பிய்ந்த இடம் பழுத்துக் காய்ந்துபோய், சில கிழமைக்கு முந்தியவை.

"மான் திண்டிருக்கும்," என்றான் மடுத்தீன் உடனே.

வரதராசா இன்னும் ஏறி வரவில்லை. ஒரு காலை முன்னால் வைத்து நின்றால் கட்டைகள் மறைந்துவிடும். அற்புதராணியின் கால் அந்த யோசனையை யோசித்தது. பிறகு அவள் காலைப் பின்னுக்கு எடுத்தாள்.

"வரதராசா, இஞ்சை வாருங்கோ. இதைப் பாருங்கோ."

அவர் வந்து பார்த்தார். குனிந்து ஒரு கட்டையை விரலால் தொட்டார்.

"அப்ப..."

"ஓம். சட்டிக்குள்ளை இதுவும் போயிருக்குது. கனக்க இல்லை, ஆனால் போயிருக்குது. தலைவர் சொன்னதிலை அந்த ஒண்டு சரி. அந்தாளுக்குச் சொல்லிப்போடாதேங்கோ, உலகம் தாங்காது." அவள் வரதராசாவின் கண்ணை நேரே பார்த்தாள். "கூடப் போயிருந்தால் ஆரும் ஆஸ்பத்திரியிலை கிடந்திருப்பினம். அது எங்கடை பிழை. இனி ஒவ்வொரு இலையாக் காம்பைப் பாத்துத்தான் பிடுங்குவன், இவரை மரத்திலை கட்டிப்போட்டிட்டு. மறைக்க வேணுமெண்டால் உங்களைக் கூட்டிக்கொண்டு வந்திருக்க மாட்டன். சமையற்கட்டு எனக்கோ இல்லையோ? இஞ்சையே சொல்லுங்கோ. பொறுத்துப் பாக்க எனக்கு நேரமில்லை, ஆனியிலை இதெல்லாம் போயிடும்."

வரதராசா கட்டைகளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். தூரத்தில் ஒரு பிரெஞ்சுக் கிழவி கொத்தை முகர்ந்து சிரித்தாள்.

"அந்தக் கொழும்புக்காறர்," என்றார் கடைசியில், "நேற்று எனக்கு ஒரு கறி காய்ச்சித் தந்தவர். நீங்களும் சாப்பிடுங்கோ தம்பி எண்டு கூப்பிட்டன். தான் இரவிலை சாப்பிடுறதில்லையாம்." கழுத்தைச் சொறிந்தார். "தான் காய்ச்சினதைத் தானே சட்டி துடைச்சுத் திண்டு காட்டுற ஆளை நான் வேறை எங்கை தேடுறது? நாளைக்கு வந்து அடுப்பைப் பாருங்கோ."

"இந்தப் பூ அதிர்ஷ்டமாம்," என்றாள் தில்லைநாயகி, ஒரு முகேயைக் கிள்ளிக்கொண்டு. "வீட்டிலை வைச்சால் அந்த வருசம் முழுக்க நல்லதாம்."

"வைக்கிறதோ?" என்றாள் அற்புதராணி. "நான் திண்டவள்."

பின்னேரம் லா சப்பல் மெற்றோப் படிகளுக்குக் கீழே முகே விற்கிறவர்கள் வாளிகளோடு நின்றார்கள். தலைவர் தவரத்தினம் மே தினக் கூட்டத்துக்குப் போகிற வழியில், மூன்று துண்டுக் கோட்டும் உருட்டிய உரையுமாக, யாராவது தன்னைக் கண்டு வணக்கம் சொல்லட்டும் என்று நின்றார். அற்புதராணி நேரே போய் முன்னால் நின்றாள். அவருக்கு இடமும் வலமும் போக வழியில்லை, பின்னால் வாளி.

அவள் காட்டிலிருந்து கொண்டுவந்த முகேக் கொத்திலிருந்து வடிவான ஒரு தண்டைத் தெரிந்தெடுத்து, கோட்டுத் துளையில் செருகி, மணிகள் வெளியே தெரியும்படி ஒதுக்கிவிட்டாள். சுற்றி நின்றவர்கள் பார்த்தார்கள். பார்க்கிறார்கள் என்று கண்டதும் தலைவரின் நெஞ்சு தானாக நிமிர்ந்தது.

"இம் மலரை எமது ஒன்றியத்தின் சார்பில்..." என்று தொடங்கினார்.

"பொன்னாங்காணி, தலைவர்," என்றாள் அற்புதராணி. "எங்கடை மண்ணின்ரை. வறை மட்டும் செய்துபோடாதேங்கோ."